ஆலனிலிருந்து மேரி

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று என் வீட்டுக்காரர் தன் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தது 1998 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை.

நான் எம்.எஸ்ஸி. கணிதம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு காலேஜில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள், அதுவும் இங்கிலீஷில். வகுப்பில் அறுபது பேர், மைக் கிடையாது, கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் போகும். அப்படிப்பட்டவளை ஒரே வாக்கியத்தில் ஊமையாக்கிவிட்டு, சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மணி, ஆபீஸ்ல ஒண்ணு சொல்லிப்போட்டேன், கோவிச்சுக்காத" என்றார் மனுஷன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிய வேண்டுமென்றால் டூயேன் பிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் எங்கள் அபார்ட்மென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் இரண்டாவது மாடி. எங்களிடம் ஒரே கார். காலை ஏழரைக்கு அவர் அதை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்சனில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் நான் நடந்து போய்ச் சேரக்கூடிய இடம் என்று பார்த்தால் கீழே இருக்கும் தபால் பெட்டி ஒன்றுதான். கடை இரண்டு மைல், வழியில் நடைபாதை கிடையாது. ஒரு தடவை வீம்புக்கு நடந்தே போனேன். மூன்று பேர் காரை நிறுத்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். என் விசாவில் என்னை 'டிபென்டன்ட்', அதாவது கணவரைச் சார்ந்திருப்பவள், என்று போட்டிருந்தது. வேலை பார்க்கக் கூடாது. டிரைவிங் கற்றுக்கொடுங்கள் என்றால், "கிரீன் கார்டு வரட்டும்." மெத்தை தரையில் கிடக்கிறது, ஒரு கட்டில் வாங்கலாம் என்றால், "கிரீன் கார்டு வரட்டும்." குழந்தை விஷயத்துக்கும் அதே பதில்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இந்த மூன்று வார்த்தைகளை நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சேனாபதி என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பயந்த சுபாவம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அவரோடு வேலை பார்த்த மாரிசாமி ஏதோ ஒரு மீட்டிங்கில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசி, வேலை போய், பத்தே நாளில் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். அவருடைய டிவிதான் எங்கள் வீட்டில் இருந்தது. கேபிள் இல்லை. ஆண்டெனாவில் நாலு சேனல் வரும். சனிக்கிழமை மத்தியானம் நாலிலும் ஃபுட்பால், நம்மூர்க் கால்பந்து இல்லை, கையில் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் அமெரிக்க ஆட்டம்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை விட்டுவிடும் ஜாதி நான் இல்லை என்பதால் உட்கார்ந்து பார்த்தேன். இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிராளிகள் அவனைக் கீழே சாய்க்கப் பாய்வார்கள். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் அரணாக நின்று தடுப்பார்கள். அந்த அரணுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்துக்குப் 'பாக்கெட்' என்று பெயர். நல்ல குவார்ட்டர்பேக் என்றால் பாக்கெட்டுக்குள் அசையாமல் நின்று, தூரத்தில் ஓடும் தன் ஆளைக் குறி பார்த்துப் பந்தை வீச வேண்டும். அதுதான் அங்கே சாஸ்திரம்.

ரெட்ஃபோர்க் காலேஜ் டீமின் பிக்கெட் அந்தச் சாஸ்திரத்தை மதிக்கவே இல்லை. ஆள் குள்ளம். பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியாமல், குளத்தில் ஓட்டாஞ்சில்லி விடுவதுபோல இடுப்புப் பக்கத்திலிருந்து வீசுவான். அரண் சரியப்போகிறது என்று தெரிந்த நொடியில் பாக்கெட்டை விட்டு வெளியே ஓடிவிடுவான். நாலு பேர் துரத்துவார்கள். ஒருவன் கையை நீட்டினால் இடுப்பை ஒடித்துத் தப்பிப்பான், இன்னொருவன் காலைப் பிடிக்க வந்தால் தாண்டுவான், ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தை வீசுவான். முதல் தடவை பார்த்தபோது நான் மெத்தையிலிருந்து எழுந்தே விட்டேன். "அடேய், இவன் ரைடு போறாண்டா!" என்று யாருமில்லாத வீட்டில் கத்தினேன்.

ஏனென்றால் நான் கபடிக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் ஏழு வருஷம் ஆடியிருக்கிறேன். ரைடுக்குத் தனியாகப் போக வேண்டும். எதிரே ஏழு பேர். அவர்கள் நடுவில் போய் நிற்பவளுக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடையாது. எந்தக் கால் தயங்குகிறது, எந்தத் தோள் முன்னால் வருகிறது என்று ஓடிக்கொண்டே கணக்குப் போட வேண்டும். பிக்கெட் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குப் புரிந்த முதல் ஆள் அவன்தான்.

ஆனால் ஊரே அவனைத் திட்டியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உள்ளூர் ரேடியோவில் ஹேங்க் என்பவர் நடத்தும் நிகழ்ச்சி வரும். கேட்பவர்கள் போன் பண்ணி அந்த வாரத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். பேசுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பிக்கெட்டைத்தான் பிடித்து உலுக்குவார்கள். சர்க்கஸ் என்பார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள். "நல்ல அத்லெட், ஆனால் யோசிக்கத் தெரியாது" என்பார்கள். பிக்கெட் கறுப்பினப் பையன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அத்லெட்' என்ற சொல்லுக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்துச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானும் போன் பண்ணிவிட்டேன். பெயர் கேட்டார்கள். நாகமணி என்று சொல்லி எழுத்துக்கூட்டிக் கொடுப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும் என்று, "மேரி. ஆலனிலிருந்து" என்றேன். இரண்டு நிமிஷம் பேசினேன். ஒன்றரை வருஷத்தில் என் வீட்டுக்காரரையும், காய்கறிக் கடையில் 'பேப்பரா பிளாஸ்டிக்கா' என்று கேட்கும் பெண்ணையும் தவிர ஒருத்தர் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமும் பேசினேன். ஹேங்க், "நம்ம மேரி வந்துட்டாங்க" என்று சந்தோஷமாக வரவேற்றார்.

மூன்றாவது வாரம்தான் வினை வந்தது. எனக்கு முன்னால் லைனில் இருந்தவர், 'பிளேனோவிலிருந்து கேரி.' பழைய ஆட்டக்காரர், எழுபதுகளின் ஆரம்பத்தில் ரெட்ஃபோர்க்கின் குவார்ட்டர்பேக். வாராவாரம் வருவார். "இன்னும் ஒரே ஒரு நொடி பாக்கெட்டில் நின்றிருந்தால் ஆள் கிடைத்திருப்பான். பயந்து ஓடுகிறான். குவார்ட்டர்பேக்குக்கு வேண்டியது தைரியம்" என்றார். ஹேங்க் விஷமக்காரர். இரண்டு பேரையும் ஒரே லைனில் கோர்த்துவிட்டார்.

நான் ஐந்து ஆட்டத்தையும் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் புத்தி எங்கே போகும்? "கேரி சார், நம்ம அரண் இரண்டரை நொடிக்கு மேல் நிற்பதில்லை. அதற்கப்புறம் பாக்கெட் என்று ஒன்று களத்தில் இல்லை, உங்கள் மனசில்தான் இருக்கிறது. பிக்கெட் அறுபத்தொரு தடவை வெளியே ஓடியிருக்கிறான். அதில் நாற்பத்திமூன்று தடவை டீமுக்கு லாபம். அவனுக்குப் பதிலாக ஒன்றரை ஆட்டம் ஆடிய பையன் நீங்கள் சொல்கிற மாதிரியே தைரியமாக உள்ளே நின்றான். பதினொரு தடவை பந்தோடு மண்ணைக் கவ்வினான்" என்றேன்.

"மேடம், நீங்க எப்பவாவது விளையாடியிருக்கீங்களா?" என்று கேட்டார் அவர், ஒரு நக்கலோடு.

"ஏழு வருஷம். எங்கள் ஆட்டத்தில் ஏழு பேருக்கு எதிராக ஒருத்தி தனியாகப் போக வேண்டும். முன்னால் நின்று காப்பாற்ற யாரும் கிடையாது."

ஹேங்க் விழுந்து விழுந்து சிரித்தார். "கேரி, உனக்கு அஞ்சு பேர் காவல் இருந்தாங்க. இந்தம்மாவுக்கு ஒருத்தரும் இல்லையாம்!" கேரி ஏதோ முனகினார். லைன் கட்டானது. நான் சமையலறையில் நின்றுகொண்டு, ஒற்றை ஆளாக, கை தட்டினேன்.

அன்று சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் அந்தச் செய்தியோடு வந்தார். அவர் வீட்டில் எப்போதும் "எங்க மேனேஜர்" என்றே சொல்வார். அந்த மேனேஜரின் பெயர் கேரி ஹாலிஸ் என்பதும், அவர் பிளேனோவில் குடியிருப்பதும், செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவுக்குப் போன் பண்ணுவதும், மொத்த ஆபீஸும் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் கேட்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

"ஆபீஸே சிரிச்சுது மணி. அவரு நேரா என் சீட்டுக்கு வந்துட்டாரு. அந்தப் பேச்சு இந்தியன் பேச்சு, ஆலன்ல இருக்கற இந்தியன் லேடி, உனக்குத் தெரியுமா, உன் வொய்ஃப் ஆலன்ல தானே இருக்காங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"எனக்கு வேற வழி தெரியல. என் வொய்ஃபுக்கு இங்கிலீஷே வராதுங்க சார்னு சொல்லிப்போட்டேன்."

நான் அவரை முறைத்தேன்.

"லெட்டர் அவரு டேபிள் மேல இருக்குது மணி" என்றார் கெஞ்சலாக. அது எனக்கும் தெரியும். எச்-1 விசாவில் ஆறு வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. அவருக்கு நாலரை முடிந்திருந்தது. அதற்குள் கிரீன் கார்டு வேலை நடந்தாக வேண்டும். கம்பெனியின் வக்கீல் ஃபைலைத் திறக்கவே மேனேஜர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும். அந்தக் கடிதம் ஆகஸ்டிலிருந்து கேரி ஹாலிஸின் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. அது வராவிட்டால் நாங்களும் மாரிசாமி மாதிரி டிவியை வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான்.

"கிரீன் கார்டு வர்ற வரைக்கும் ரேடியோ வேண்டாம். ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினேன். வேறென்ன செய்வது? அடுத்த செவ்வாய்க்கிழமை ஹேங்க், "மேரி, எங்கே போனீங்க?" என்று நிகழ்ச்சியில் கேட்டபோது ரேடியோவை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். அந்தச் சனிக்கிழமை பிக்கெட் தோற்றான். அடுத்த வாரம் அவனைத் திட்டியவர்கள் பத்துக்குப் பத்து. பதில் சொல்ல ஒருவர்கூட இல்லை. சொல்லத் தெரிந்தவள் மாடியில், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவில் கந்தசாமி அங்கிளிடம் யோசனை கேட்கப் போனார் என் வீட்டுக்காரர். ஆலனில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குள் முதலில் கிரீன் கார்டு வாங்கியவர் அவர். அன்றிலிருந்து வக்கீலுக்கு மேல் வக்கீல். "மேனேஜரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு லஞ்ச் போட்ரு தம்பி. நம்ம சாப்பாடு உள்ள போச்சுன்னா கையெழுத்து வெளிய வந்துரும். எனக்கு அப்படித்தான் ஒர்க் அவுட் ஆச்சு" என்றாராம். ஆலனில் பாதி கிரீன் கார்டுகள் இப்படிச் சாம்பார் ஊற்றி வளர்ந்தவைதான். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

ஆனால் அந்த யோசனையில் ஒரு ஓட்டை இருந்தது. மேனேஜர் வந்தால் என்னைப் பார்ப்பார். நான் வாயைத் திறந்தால் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்.

"நீ சிரிச்சா மட்டும் போதும் மணி. நான் மேனேஜ் பண்ணிக்கறேன்."

"எம்.எஸ்ஸி. படிச்சது சிரிக்கறதுக்குங்களா?"

"ரெண்டு மணி நேரம். ஒரே ஒரு லஞ்ச். எனக்காக."

அந்த 'எனக்காக'வில் மாட்டிக்கொண்டேன்.

ரெட்ஃபோர்க்குக்கு ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேரி ஹாலிஸும் அவர் மனைவி ஷேரனும் வந்தார்கள். நான் விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தேன். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால், மிளகாயைப் பாதியாகக் குறைத்துப் பள்ளிபாளையம் சிக்கன், அரிசிம்பருப்புச் சாதம், இனிப்புக்கு ஒப்புட்டு. கேரி ஆறடிக்கு மேல் உயரம். இடது கால் லேசாக இழுத்தது. வாசலில் ஷூவைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே தன் ஷூவையும் கழற்றினார். அந்த மனுஷனை வெறுக்கத் தயாராக இருந்த எனக்கு அதுவே ஒரு தொந்தரவாகிவிட்டது.

ஷேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவளிடம் பேசுவதைப் போல உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "வீடு... ரொம்ப... அழகா... இருக்கு!" என்றாள். நான் சிரித்தேன். "என்ன... வாசனை... இது!" சிரித்தேன். கன்னம் வலித்தது. என்னைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். அவளுக்கு இங்கே பொழுது எப்படிப் போகிறது? அவளுக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறதா? அவரும் பதில் சொன்னார். "சந்தோஷமா இருக்கா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டே கேரியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சிக்கன் வைத்தேன். என் வீட்டில், என் மேஜையில், நான் சமைத்த சோற்றுக்கு முன்னால் என்னைப் படர்க்கையில் பேசினார்கள்.

கேரி நன்றாகச் சாப்பிட்டார். கந்தசாமி அங்கிளின் வைத்தியம் பலிக்கும் போலத்தான் இருந்தது. என் வீட்டுக்காரரின் தோள்கள் மெல்ல இறங்கின. வயிறு நிறைந்ததும் கேரி தனக்குப் பிடித்த பேச்சுக்கு வந்தார். பழைய ஆட்டக்காரர்கள் திங்கட்கிழமை கோச்சைப் பார்க்கப் போகிறார்களாம். பிக்கெட்டைக் குவார்ட்டர்பேக் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, பந்தைப் பிடித்து ஓடுகிற வேலையில் போடச் சொல்லப் போகிறார்களாம். பேசப்போவது கேரிதானாம்.

"அந்தப் பையனுக்கு எதிராளிகள் நிற்கிற வரிசையை வாசிக்கத் தெரியவில்லை, சேனா. கால் இருக்கிறது. தலை இல்லை."

"எஸ், எஸ்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

நான் ஒப்புட்டை எடுத்துவந்து வைத்தேன். கேரி என்னை நிமிர்ந்து பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார், பொய் சொல்ல மாட்டேன். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "உன் மனைவியைப் பார். பேச்சு இல்லை, பதற்றம் இல்லை, தன் இடம் எது என்று தெரிந்து நிற்கிறாள். பாக்கெட்டில் நிற்பது என்றால் இதுதான். இதைத்தான் அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை."

எனக்கு அப்போது கிரீன் கார்டு ஞாபகம் வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. கடிதம், ஃபைல், மாரிசாமியின் டிவி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நின்றபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அவனுக்கு வாசிக்கத் தெரியும், மிஸ்டர் ஹாலிஸ்" என்றேன், அறுபது பேர் வகுப்பில் பேசுகிற இங்கிலீஷில்.

ஷேரனின் கையிலிருந்த ஒப்புட்டு தட்டில் விழுந்தது.

"மூன்றாவது ஆட்டத்தில் அவன் இடது பக்கம் ஓடினான். நீங்கள் அவன் காலைப் பார்த்தீர்கள். அவன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்தீர்களா? இடது பக்கமே பார்த்துக்கொண்டு ஓடி, இரண்டு பேரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, வலது பக்கம் காலியான இடத்துக்கு வீசினான். வாசிக்காதவனால் அது முடியாது. அவன் உங்களைவிட வேகமாக வாசிக்கிறான். அதனால் அவன் வாசிப்பதே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொன்று. நான் என் இடம் தெரிந்து நிற்கவில்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வெளியே போக வழி கொடுக்காமல் ஒருத்தியை உள்ளே நிறுத்திவிட்டு, எவ்வளவு அழகாக நிற்கிறாள் என்று பாராட்டாதீர்கள்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கேரி என்னையே பார்த்தார்.

"மேரி" என்றார்.

"நாகமணி" என்றேன்.

கேரி தன் இடது முழங்காலைத் தடவினார். "எழுபத்தொன்றில், கடைசி ஆட்டம். நில் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அரண் விழுவது எனக்கும் தெரிந்தது. நின்றேன். இந்தக் கால் அன்றைக்குப் போனதுதான்" என்றார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியிருக்க வேண்டாம். கேரி இப்போது அவரைப் பார்த்தார்.

"உன் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று என்னிடம் சொன்னாய்."

"சார், அது வந்து..."

"நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், சேனா. ரேடியோவில் ஒருத்தி என்னை மடக்கிவிட்டாள். உன் மனைவிதான் என்று நீ சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ பொய் சொன்னாய். அந்தப் பொய்க்காக இவளை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் நிற்க வைத்தாய். என்னை என்ன மாதிரி ஆள் என்று நினைத்தாய்?"

ஷேரனிடம் கையை நீட்டினார். அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தாள். "நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் சர்ப்ரைஸாகக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன்" என்றார். என் வீட்டுக்காரரின் கை தானாக நீண்டது. கேரி கவரைக் கொடுக்கவில்லை. "இதில் கடைசி வரி, நாலு வருஷமாக இவரை எனக்குத் தெரியும், இவர் நேர்மையானவர் என்று இருக்கிறது. அதை யோசிக்க வேண்டும்" என்றார். என்னிடம் திரும்பி, சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். என்னிடமே சொன்னார்.

அவர்கள் கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை என் வீட்டுக்காரர் அசையவில்லை. அப்புறம் வெடித்தார்.

"ரெண்டு மணி நேரம்! ரெண்டு மணி நேரம் உன்னால சும்மா இருக்க முடியல? யாரோ ஒரு பையனுக்காக நம்ம லைஃப்ப போட்டு உடைச்சுட்டியே மணி!"

"நான் பேசினதால உடையலீங்க. நான் பேச மாட்டேன்னு நீங்க சொன்னதால உடைஞ்சுது. அவரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லீங்களா?"

"நீ பேசாம இருந்திருந்தா லெட்டர் இப்ப கைல இருந்திருக்கும்."

அது உண்மை. அதை மறுக்க எனக்கு வழியில்லை. கவர் ஒரு கையளவு தூரத்தில் இருந்தது, நான் இன்னும் கால்மணி நேரம் சிரித்திருந்தால் போதும். அன்று முழுக்க இருவரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். எனக்கு அழுகை வந்தது. அவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒப்புட்டு அப்படியே காய்ந்தது.

திங்கட்கிழமை கோச்சைப் பார்க்கப் போன கூட்டத்தில் கேரி வாயைத் திறக்கவில்லையாம். ஆனால் மற்றவர்கள் பேசினார்கள். பிக்கெட்டை மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான், மொத்தம் இரண்டு தடவைதான் பந்து அவன் பக்கம் வந்தது. நான் பேசியதால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை கடிதம் வந்தது. கேரி பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்து கொடுத்திருந்தார். வேலைத் திறமை, படிப்பு, கம்பெனிக்கு இவர் எவ்வளவு அவசியம் என்று எல்லாம் இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை. வக்கீலிடம் கேட்டதில், அந்த வரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபைலுக்கு இதுவே போதும் என்று சொல்லிவிட்டார். ஆபத்து நீங்கிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மெத்தையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். இல்லாத வரியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு எடுத்ததைத் தவிர நாலரை வருஷத்தில் லீவே எடுக்காமல், ஆபீஸ் காகிதம் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வராமல் உழைத்தவர். அந்த வரிக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர்தான். பயம் அதைத் தின்றுவிட்டது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வக்கீல் ஆபீஸிலிருந்து தடிமனாக ஒரு படிவம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் வைத்து அவர் நிரப்பினார். முதல் எட்டுப் பக்கம் அவரைப் பற்றி. ஒன்பதாவது பக்கம் டிபென்டன்டைப் பற்றி. பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் என்னைக் கேட்காமலே எழுதிக்கொண்டு போனார், எப்போதும் போல. ஒரு கேள்வியில் பேனா நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். நேர்காணலின்போது மனைவிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுமா என்று இருந்தது.

அவர் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன எழுதட்டும், மணி?"

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவர் என்னிடமே கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உள்ளே எல்லாம் இளகிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"நீங்களே எழுதுங்க. இந்தத் தடவ நெசத்த எழுதுங்க" என்றேன்.